எழுபது ரூபாய்த் துணியில் ஒரு கவுன்: அடிக்கடி வரும் கேள்விகள்

வீட்டில் தையல் மெஷின் இருக்கும். தலையணை உறை தைக்கத் தெரியும், பிளவுஸைப் பிரித்துவிடத் தெரியும். கத்தரிக்கோலைப் புதுத் துணியில் வைக்க மட்டும் கை நடுங்கும். இப்படிப்பட்டவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதிலும் ஒரே உடையை வைத்துச் சொன்னது: முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும், இடுப்பில் ஒட்டு இல்லாத, கீழே போகப் போக விரியும் ஏ-லைன் கவுன். இதற்கான பேட்டர்ன், அதாவது துணிமேல் வைத்து வெட்டும் காகித அச்சு, முன், பின், கை, பாக்கெட் என்று நாலே துண்டுகள். மார்புச் சுற்று 36 இன்ச் என்று வைத்துக்கொண்டு கணக்கு சொல்கிறேன். உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் கவுனுக்கு எந்தத் துணி வாங்கலாம்?

பாப்ளின் அல்லது கேம்பிரிக். இரண்டும் பருத்தி, வழுக்காது, மடித்து நகத்தால் கீறினால் கோடு நிற்கும். நைட்டிக்கு வாங்கும் பூப்போட்ட காட்டனும் சரி. மீட்டர் எழுபது எண்பது ரூபாயில் கிடைப்பதை எடுங்கள். வாயில், மல் என்ற மெல்லிய துணியெல்லாம் பார்க்க அழகுதான், ஆனால் மெஷின் பல்லில் சிக்கும், வெட்டும்போது நெளியும், உள்ளே லைனிங்கும் கேட்கும். சாட்டின், ஜார்ஜெட் பக்கம் இப்போது போகவே வேண்டாம். திருப்பூரில் கிலோ கணக்கில் விற்கும் பனியன் துணி மலிவுதான். ஆனால் அது இழுபடும் துணி, அதற்கு முனை மழுங்கிய தனி ஊசி வேண்டும், பேட்டர்னும் வேறு.

பெரிய ஷோரூமில் தேடாதீர்கள். தையல்காரர்களுக்கு லைனிங், ஃபால்ஸ், நூல் விற்கும் சந்துக் கடைகளில் கேளுங்கள். மதுரைப் புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடிய நாட்களில், துணி எடுக்கும் கடையும் தைக்கும் ஆளும் பத்தடி தூரத்தில் இருந்தார்கள். இப்போது கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஈரோட்டுச் சந்தைப் பக்கம் போக வாய்த்தால் ஒரு கவுனுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்ப உங்களால் முடியாது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் 'பியூர் காட்டன்' என்று சத்தியம் செய்கிறார். எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், கொளுத்திப் பாருங்கள். கரையோரமாக நாலு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், ஊதினால் பறக்கும் சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டர் என்றால் சுருண்டு உருகி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணி போல நிற்கும். சூட்டோடு தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை. சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் அது கலப்பு.

கலப்புத் துணி தீண்டத் தகாதது இல்லை. சுருங்காது, சாயமும் அவ்வளவாகப் போகாது. வெயில் காலத்தில் முதுகில் ஒட்டும், அது ஒன்றுதான். நான் கேட்பதெல்லாம் கலப்புக்குக் கலப்பு விலை கொடுங்கள் என்பதுதான்.

எத்தனை மீட்டர் எடுக்க வேண்டும்?

துணியின் அகலத்தைக் கேட்காமல் இதற்குப் பதில் கிடையாது. நம் கடைகளில் பொதுவாக 36, 44, 58 இன்ச் அகலங்களில் துணி வரும்.

கவுன் உயரம் 40 இன்ச். கீழ் மடிப்புக்கு ஒன்றரை, தோளுக்கு அரை, ஆக 42. கீழ்ச் சுற்று 52 என்றால் முன் துண்டு 26, இரண்டு பக்கமும் ஒவ்வொரு இன்ச் உள்ளே விட 28. 44 அகலத்தில் 28, 28 என்று இரண்டு துண்டு பக்கத்தில் பக்கத்தில் வராது. ஒன்றின் கீழ் ஒன்றாகத்தான் வெட்ட வேண்டும்: 84 இன்ச். கையும் பாக்கெட்டும் பக்கத்தில் மிஞ்சும் பட்டையில் வந்துவிடும். இரண்டேகால் மீட்டர் என்பது 88 இன்ச்சுக்கு மேல், போதும் என்றுதான் தோன்றும். ஆனால் தோய்த்ததும் நூற்றுக்கு ஐந்து சுருங்கினால் அது 84-இல் வந்து நிற்கும். கத்தரிக்கோல் ஒரு நூல் விலகினாலும் போச்சு. இரண்டரை மீட்டர் எடுங்கள்.

58 அகலம் என்றால் முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் அமரும். 42 இன்ச்சோடு கைக்கு ஒரு பத்து சேர்த்து, சுருங்குவதற்கும் விட்டு, ஒன்றரை மீட்டர். இப்போது விலையைப் பாருங்கள்: 44 அகலம் மீட்டர் 70 என்றால் 175 ரூபாய், 58 அகலம் மீட்டர் 110 என்றாலும் 165 ரூபாய்தான். போர்டில் பெரிதாகத் தெரியும் விலைதான் இங்கே மலிவு. நான் வருடக்கணக்கில் இதைக் கவனிக்காமல் காசு விட்டிருக்கிறேன்.

பேட்டர்ன் எதற்கு? எங்கள் தெரு டெய்லர் நேராகத் துணியில் சாக் போட்டு வெட்டுகிறாரே?

அவர் கையில் முப்பது வருடம் இருக்கிறது. அவருக்குத் தலைக்குள் இருப்பது நமக்குக் காகிதத்தில் வேண்டியிருக்கிறது. தையல் வகுப்பில் 'பேப்பர் கட்டிங்' என்று சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

அளவு வாரியாகக் காகித பேட்டர்ன் போட்டு விற்பது 1863-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்டெர்லிங் ஊரில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரரிடம் தொடங்கியது. அதுவரை ஒரே அளவில் வந்த வரைபடத்தைப் பார்த்து அவரவர் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். சைஸ் வாரியாக வெட்டிக் கொடுத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம்.

காகிதத்தில் இரண்டு லாபம். தப்பு செய்தால் நஷ்டம் பழைய செய்தித்தாள். சரியாக வந்துவிட்டால் அதே அளவில் பத்து கவுன் வெட்டலாம். எனக்குப் பிடித்த ஒரு பேட்டர்னை காலண்டர் அட்டையில் ஒட்டி, ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறேன்.

என் சைஸ் எது? கடையில் 'எம்' எடுக்கிறேன்.

கடை எழுத்தை மறந்துவிடுங்கள். பேட்டர்ன் சைஸும் ரெடிமேட் சைஸும் அண்ணன் தம்பி கூட இல்லை. பட்டரிக், சிம்ப்ளிசிட்டி போன்ற அமெரிக்கப் பேட்டர்ன்களில் மார்பு 36 என்றால் அது 14-ஆம் சைஸ். 'எனக்குப் பதினாலா!' என்று மனசு கேட்காமல் 10 எடுத்து வெட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இஞ்ச் டேப்பால் அளந்து, அட்டவணையில் மார்புச் சுற்றை வைத்துச் சைஸ் எடுங்கள். அப்புறம் 'தைத்து முடித்த அளவு' என்று தனியாக ஒன்று போட்டிருக்கும், அதையும் பாருங்கள். உடம்பு 36 என்றால் தைத்த கவுன் 39, 40 இருக்க வேண்டும். அந்த மூன்று நாலு இன்ச் தளர்வில்தான் கை தூக்குவதும் குனிந்து கோலம் போடுவதும் நடக்கும். இழுபடாத துணிக்கு இதில் கஞ்சத்தனம் கூடாது.

டேப் பிடிக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். நாள் முழுக்க அப்படி இருக்கப் போவதில்லை.

இணையத்தில் இறக்கிய பேட்டர்னை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டேன். ஒட்டிப் பார்த்தால் சின்னதாக இருக்கிறதே?

இது எனக்கே நடந்தது. ஏ-4 தாளில் இருபத்தைந்து பக்கம். கடைப் பையன் நல்லெண்ணத்தில் 'ஃபிட் டு பேஜ்' அழுத்திவிட்டான். முதல் பக்கத்தில் 5 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று இருக்கும், அளந்து பார்ப்பதற்கென்றே போட்டது. அளக்கவில்லை. தைத்து முடித்துப் போட்டால் தோளைத் தாண்டி இறங்கவில்லை. அதற்குப் பிறகு சதுரத்தை அளந்தேன்: 4.7. நூற்றுக்கு ஆறு குறைவு. கேட்கச் சின்னது, 39 இன்ச் வர வேண்டிய மார்பு 36 முக்காலுக்கும் கீழே வந்துவிட்டது.

'ஆக்சுவல் சைஸ், நூறு சதவீதம்' என்று சொல்லி முதல் பக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கடையிலேயே ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு மீதியை எடுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

துணியைத் தோய்க்காமல் வெட்டலாமா? அவசரம்.

கூடாது. மலிவுத் துணியில் கனமாகக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். கடையில் மொடமொடவென்று நிற்கும் துணி, ஒரு தோய்ப்பில் மல் துணி மாதிரித் தளர்ந்துவிடுவதும் உண்டு. அது தைப்பதற்கு முன்பு தெரிந்தால் நல்லதா, பின்பா?

எப்படித் தோய்க்கப் போகிறீர்களோ அப்படியே ஒரு தடவை தோய்த்து, பிழியாமல் உதறி, நிழலில் காய வைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போடுங்கள். வெட்டிய முனைகளில் பிசிறு வரும், முன்னாலேயே ஒரு ஓட்டுத் தையல் போட்டுவிட்டால் வாளியில் நூல் சிக்கல் இருக்காது.

கல் உப்பு போட்டு ஊற வைத்தால் சாயம் நிற்குமாமே?

என் அம்மாவும் அதைத்தான் செய்தார். சாயப் பட்டறையில் சாயத் தொட்டிக்குள் உப்பு போடுவது உண்மை. அங்கே அது சாயத்தை நூலுக்குள் தள்ள உதவுகிறது, பிடிக்க வைப்பதற்குக் காரம் வேறு சேர்ப்பார்கள். சாயம் ஏற்றி முடிந்த துணியை வீட்டு வாளியில் உப்புத் தண்ணீரில் போட்டு ஒன்றும் ஆகாது. ஒட்டாமல் நிற்கும் சாயம் கழுவிப் போகிறது, அவ்வளவுதான். அதை வெறும் தண்ணீரே செய்யும். மூன்று அலசலுக்குப் பிறகும் தண்ணீர் சிவப்பாகவே ஓடினால் அந்தத் துணியில் வெள்ளைப் பட்டியோ வெள்ளைக் காலரோ வைக்காதீர்கள்.

பேட்டர்னில் நீளமாக ஒரு அம்பு போட்டிருக்கிறது. அது என்ன?

பாவு நூல், அதாவது துணியில் நீளவாக்கில் ஓடும் நூல், போகும் திசை. துணியின் கரைக்கு இணையாக அந்த அம்பு நிற்க வேண்டும். மலிவுத் துணியில் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். அம்பு கோணலாக வைத்து வெட்டிய கவுன் முதல் நாள் ஒன்றும் சொல்லாது. நாலு தோய்ப்பில் பக்கத் தையல் மெல்ல நகர்ந்து தொடைக்கு முன்னால் வந்துவிடும். துணி மட்டம் என்று பழி சொல்வோம்; தப்பு நம் மேஜையில் நடந்தது.

துணியே கோணலாக வருவதும் உண்டு. இதற்கு நான் செய்வது: வெட்டு முனைக்குப் பக்கத்தில், குறுக்கே ஓடும் ஒரு ஊடு நூலைப் பிடித்து மெதுவாக இழுப்பேன். துணி சுருங்கிச் சுருங்கி, அந்த நூல் போன வழி ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் வெட்டினால் அதுதான் நேர். பாப்ளின் என்றால் கடையிலேயே டர்ரென்று கிழித்துக் கொடுப்பார்கள், அது நூல் நேராகவே கிழியும். கிழித்த துணியை மடித்து, கரையோடு கரை சேர்த்துப் பாருங்கள். முனைகள் ஒன்றன் மேல் ஒன்று உட்காராவிட்டால், இரண்டு பேர் எதிரெதிர் மூலையைப் பிடித்துக் குறுக்காக இழுத்து விடுங்கள். போர்வை மடிக்கும்போது இழுப்போமே, அந்த மாதிரி. சேலைக்குக் கஞ்சி போட்ட வீடுகளில் இது தெரிந்த வேலைதான்.

அச்சுப் பூ மட்டும் கோணலாக விழுந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கட்டம், கோடு போட்ட மலிவுத் துணியை வாங்கும் முன் ஒரு மீட்டர் பிரித்து, கோடு கரையை ஒட்டி நேராகப் போகிறதா என்று பாருங்கள்.

துணி மிச்சம் பிடிக்க ஒரு துண்டைத் தலைகீழாக வைத்து வெட்டலாமா?

ஏ-லைன் துண்டு மேலே குறுகல், கீழே அகலம். ஒன்றை நிமிர்த்தியும் ஒன்றைக் கவிழ்த்தும் வைத்தால் நன்றாகப் பொருந்தும், கால் மீட்டர் கூட மிஞ்சும். பொடிப் பூ, கட்டம், பிளெயின் துணியில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அச்சுக்கு மேல் கீழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என்னிடம் ஒரு கவுன் இருக்கிறது: முன்னால் மயில்கள் நிற்கும், பின்னால் எல்லா மயிலும் தலைகீழாகத் தொங்கும். தைத்து முடித்து, கொடியில் காயப் போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. வீட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன்.

பேட்டர்ன் கோட்டிலேயே வெட்டலாமா, வெளியே விட்டு வெட்ட வேண்டுமா?

பேட்டர்னில் முதலில் படிக்க வேண்டிய வரி இது. பெரிய அமெரிக்கப் பேட்டர்ன்களில் தையலுக்கு உள்ளே விடும் துணியை, பெரும்பாலும் அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் அதிகமாக, ஒன்றரை சென்டிமீட்டர், ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். ஜெர்மனியின் புர்டா பத்திரிகையோடு வரும் தாளில் சேர்த்திருக்க மாட்டார்கள். அந்தத் தாளில் பல உடைகளின் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ரயில்வே வரைபடம் மாதிரிக் கிடக்கும், நம் கோட்டை மட்டும் தனியாகப் பிரதி எடுத்து, வெளியே விட்டு வெட்ட வேண்டும்.

எது எப்படி இருந்தாலும் பக்கத் தையலில் மட்டும் நான் ஒரு இன்ச் விடுகிறேன். நம் டெய்லர்கள் 'உள்ளே விட்டிருக்கேன்மா, தேவைப்பட்டா பிரிச்சுக்கலாம்' என்பார்களே, அந்த அறிவு எந்த வெளிநாட்டுப் பேட்டர்னிலும் அச்சாகவில்லை. கழுத்துக்கும் கைக்குழிக்கும் நேர்மாறு: கால் அல்லது அரை இன்ச் போதும். வளைவில் அதிகம் விட்டால் திரும்பாது.

முதலில் வேறு துணியில் தைத்துப் பார்க்க வேண்டுமா?

மீட்டர் 70 ரூபாய்த் துணிதானே மாதிரியே! ஆனால் உடம்பு பேட்டர்ன் அட்டவணைக்குள் அடங்காது என்று தெரிந்தால், அதாவது மார்புக்கு ஒரு சைஸ், இடுப்புக்கு வேறு சைஸ் வந்தால், பழைய பெட்ஷீட்டிலோ அப்பாவின் பழைய வேட்டியிலோ மேல் பாதியை மட்டும் பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். தோளும் கைக்குழியும் சரியாக இருந்தால் கீழே எப்படியும் சமாளிக்கலாம்.

நூலும் ஊசியும் எதுவாக இருந்தாலும் ஆகுமா?

ஆகாது. துணியில் மிச்சம் பிடிக்கலாம். நூல், ஊசி, இஸ்திரி மூன்றிலும் பிடித்தால் அந்த மலிவு கவுனில் அப்படியே தெரியும். ரோட்டோரம் பத்து உருண்டை சேர்த்துக் கட்டி விற்கும் நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பஞ்சு பஞ்சாகத் தடித்தும் மெலிந்தும் ஓடும். அது மெஷினில் அறுந்து அறுந்து உங்களை அழ வைக்கும். நல்ல பாலியஸ்டர் தையல் நூல் ஒன்று, பாபினுக்கும் அதே நூல்.

ஊசி பாப்ளினுக்கு 14, மெல்லிய துணிக்கு 11. புதுக் கவுனுக்குப் புது ஊசி. தையல் விட்டு விட்டு விழுந்தால் மெஷினைத் திட்டும் முன் ஊசியை மாற்றுங்கள். மாட்டும்போது ஊசியில் நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து நூல் உள்ளே போக வேண்டும். திருப்பி மாட்டினால் தையலே விழாது. கீழ்ப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டால் எல்லோரும் பாபினைத்தான் குடைவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில்: ஏதோ ஒரு கொக்கியில் மாட்டாமல் விட்டிருப்பீர்கள். முழுசாக உருவிவிட்டு மறுபடி கோர்த்துப் பாருங்கள்.

எந்த வரிசையில் தைப்பது?

டார்ட், அதாவது உடம்பு வளைவுக்காக முக்கோணமாகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு, இருந்தால் முதலில் அது. பிறகு தோள், கழுத்து, கை, பாக்கெட், பக்கத் தையல், கடைசியில் கீழ் மடிப்பு. கையைப் பக்கத் தையலுக்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போதே இணைத்துவிட்டு, அப்புறம் கை முனையிலிருந்து அக்குள் வழியாகக் கீழ் வரை ஒரே ஓட்டமாகத் தைப்பது புதியவர்களுக்குச் சுலபம்.

கழுத்து ஏன் எப்போதும் 'ஆ' என்று வாய் பிளந்து நிற்கிறது?

வெட்டியவுடன் கழுத்து வளைவு இழுபட ஆரம்பித்துவிடும். கையில் எடுப்பது, தூக்கிப் பார்ப்பது, கண்ணாடி முன் வைத்துப் பார்ப்பது, எல்லாமே இழுப்புதான். அதனால் வெட்டிய கையோடு, ஓரத்திலிருந்து கால் இன்ச்சுக்குள் ஒற்றைத் துணியில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். அது வளைவைக் கட்டிப் போட்டுவிடும்.

அப்புறம் கிராஸ் பீஸ். மிஞ்சிய துணியை 45 டிகிரி சாய்வில் ஒன்றேகால் இன்ச் பட்டையாக வெட்டி, கழுத்தில் வைக்கும்போது பட்டையை ஒரு நூல் இழுத்தபடி தைக்க வேண்டும். கழுத்தை இழுக்கக் கூடாது, பட்டையைத்தான். தைத்த பிறகு வளைவில் அரை இன்ச்சுக்கு ஒரு வெட்டு, தையலைத் தொடாமல். அந்த வெட்டுகள் இல்லாமல் திருப்பினால் கழுத்து முறுக்கிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று. பெரியவர்கள் தலைச்சுற்று 22 இன்ச் அளவில் இருக்கும். கழுத்துச் சுற்று 23 இன்ச்சுக்குக் குறைவாக வரைந்திருந்தால் தலை நுழையாது; பின்கழுத்தில் ஒரு பிளவும் பட்டனும் வைத்தே ஆக வேண்டும். கழுத்தைச் சின்னதாகவே வெட்டத் தொடங்குங்கள். வேண்டுமானால் இன்னும் வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

கை உட்கார மாட்டேன் என்கிறது. கைக்குழியைவிடப் பெரிதாக இருக்கிறது.

பெரிதாகத்தான் இருக்க வேண்டும். கையின் மேல் வளைவு கைக்குழியைவிட ஒரு இன்ச் வரை அதிகமாக இருக்கும், தோள் உருண்டைக்காக. மேல் வளைவில் பெரிய தையலாக ஒன்று ஓட்டி, நூலை லேசாக இழுத்தால் அந்த அதிகம் உள்ளே அடங்கும். சுருக்கு வெளியே தெரியாது. நடு, முன், பின் மூன்று இடத்தில் குண்டூசி குத்திவிட்டு, கை கீழேயும் உடல் துண்டு மேலேயும் இருக்கும்படி மெஷினில் வையுங்கள். மெஷின் பல் கீழ்த் துணியைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துக்கொள்ளும். அந்த வேலையை அதனிடமே விட்டுவிடலாம்.

கையில் முன் பக்கம் எது என்று சாக்கில் குறித்துக்கொள்ளுங்கள். முன் வளைவு ஆழமாகக் குடைந்திருக்கும், பின் வளைவு அவ்வளவு இருக்காது. மாற்றித் தைத்தால் கவுன் போட்டதும் யாரோ தோளைப் பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கும்.

ஓவர்லாக் மெஷின் இல்லை. பிசிறு என்ன செய்வது?

டெய்லர் கடையில் கொடுத்தால் கொஞ்சக் காசில் ஓட்டித் தருவார்கள், காஜா போடும் கடைகளிலும் செய்வார்கள். வீட்டிலேயே முடிக்க வேண்டும் என்றால் பிரெஞ்சுத் தையல். உள்பக்கமும் உள்பக்கமும் சேர்த்து, நல்ல பக்கம் வெளியே தெரிய, கால் இன்ச்சில் முதல் தையல். கேட்டால் தப்பாகத் தைக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். பிசிறை ஒட்ட வெட்டி, திருப்பி, இஸ்திரி போட்டு, இப்போது நல்ல பக்கங்கள் உள்ளே இருக்க இரண்டாம் தையல். பிசிறு அந்தக் குழாய்க்குள் அடைபட்டுவிடும். பாக்கெட் வைக்காத நேரான பக்கத் தையலுக்கும் தோளுக்கும் இது அருமை. ஆனால் உள்ளே துணி விட்டு வைக்க முடியாது, பெரிதாக்க நினைப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட் அவசியமா?

சொந்தமாகத் தைப்பதே அதற்குத்தானே! கடைக் கவுனில் பாக்கெட் இருக்காது, இருந்தால் அதில் ஒரு பஸ் டிக்கெட் படுக்கும். ஆறரைக்குப் பதினொன்று இன்ச்சில் நாலு துண்டு, கை நுழையும் வளைவோடு. இடுப்புக் கோட்டுக்கு மூன்று இன்ச் கீழே வாய் ஆரம்பிக்கட்டும். உங்கள் கையைத் துணிமேல் வைத்துச் சுற்றி வரைந்து, ஒரு இன்ச் விட்டு வெட்டினால் அளவே தேவையில்லை. உள்துண்டுக்குக் கவுன் துணி வேண்டாம், எந்த லைனிங் பிட்டும் போதும். செல்போனைப் போட்டால் ஒரு பக்கம் தொங்குமா என்றால், தொங்கும். பாக்கெட் மேல் முனையைத் தோளிலிருந்து யாரும் தாங்கப் போவதில்லை.

பழைய சேலையில் தைக்கலாமா?

இதைவிட மலிவு ஏது. ஐந்தரை மீட்டர், அகலம் 46, 47 இன்ச். பல தடவை தோய்த்துச் சுருங்கி, சாயம் போவதெல்லாம் போய், மெத்தென்று ஆகியிருக்கும். சின்னாளபட்டிச் சுங்குடி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கரையைக் கவுனின் கீழ் விளிம்பாக வைக்க ஆசைப்படுவீர்கள். அப்போது சேலையின் அகலம்தான் கவுனின் உயரம். பேட்டர்ன் அம்பு கரைக்குக் குறுக்கே நிற்கும். மேலே சொன்னதற்கு நேர் எதிர்தான், ஆனால் கோணலாக இல்லாமல் சரியாகக் குறுக்காக நின்றால் பருத்தியில் பாதகமில்லை. சிக்கல் வேறு: கரை நேர்கோடு, ஏ-லைன் கீழ் விளிம்பு வளைவு. அதனால் கரை வைக்கும்போது கீழே விரிவைக் குறைத்து விளிம்பை நேராக்குங்கள், விரிவு வேண்டுமானால் மார்புக்குக் கீழே ஒட்டுப் போட்டுச் சுருக்கு வையுங்கள்.

வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இடுப்பில் செருகிய இடமும் கொசுவம் மடிந்த இடமும் நைந்திருக்கும். அங்கே துண்டு விழாமல் வெட்ட வேண்டும்.

ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி போடணுமா? கரண்ட் பில் யார் கட்டுவது?

போட வேண்டும். தைத்த தையல்மேல் ஒரு தடவை, பிரித்து விரித்து இன்னொரு தடவை. வீட்டுத் தையல் என்று பார்த்தவுடன் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இது இல்லாததுதான். பெட்டியைத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி அமர்த்துங்கள். கலப்புத் துணி என்றால் சூட்டைக் குறைத்து.

கஷ்டப்பட்டுத் தைத்தேன், டைட்டாக வந்துவிட்டது.

பக்கத்தில் விட்ட ஒரு இன்ச்சைத் திறங்கள்: முன்னும் பின்னும், இரண்டு பக்கமும் முக்கால் முக்கால் இன்ச் எடுத்தால் சுற்றளவில் மூன்று இன்ச் கிடைக்கும். போதாவிட்டால் அக்குளிலிருந்து கீழ் வரை இரண்டு பக்கமும் வேறு நிறத்தில் ஒரு பட்டை சேருங்கள். வேண்டுமென்றே வைத்தது போலத் தெரிய, அதே நிறத்தில் கழுத்துக்கும் கிராஸ் பீஸ் போட்டுவிட வேண்டும். தளர்ந்து போனால் கவலையே இல்லை, உள்ளே பிடித்தால் ஆயிற்று.

ரெடிமேடே முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இவ்வளவு பாடு எதற்கு?

காசுக்காக என்றால், முதல் கவுனில் மிச்சமில்லை. துணி 175, நூல், ஊசி, பேட்டர்ன் பிரிண்ட், ஓவர்லாக் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும், இரண்டு நாள் உழைப்பைக் கணக்கில் எடுக்காமலே. மூன்றாவது கவுனிலிருந்து பேட்டர்ன் செலவு இல்லை, நேரம் பாதி. ஆனால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இன்ச் என்றால் சரியாக இரண்டு இன்ச், முழங்கை மறைய கை, இரண்டு பக்கம் பாக்கெட் என்று எந்தக் கடையில் கேட்பீர்கள்?

கீழ் மடிப்பை ஏன் அன்றைக்கே முடிக்கக் கூடாது என்கிறீர்கள்?

பக்கங்களில் துணி சாய்வாக வெட்டுப்படுகிறது. சாய்வான இடம் தன் எடையிலேயே இறங்கும். தைத்த அன்றே மடித்துவிட்டால் அடுத்த வாரம் இரண்டு பக்கமும் காது மாதிரித் தொங்கும். ஒரு ராத்திரி ஹேங்கரில் தொங்க விடுங்கள். மறுநாள் போட்டுக்கொண்டு நேராக நின்று, தரையிலிருந்து சுற்றிலும் ஒரே உயரத்தில் குறி வைக்க வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். குனிந்து நீங்களே வைத்தால் குனிந்த அளவுக்குத் துணி நகர்ந்துவிடும். என் வீட்டில் அந்த வேலை என் பையனுடையது. ஸ்கேலைத் தரையில் நிமிர்த்தி வைத்து, சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, 'அம்மா, ஆடாதே, மூணு இடம்தான் பாக்கி' என்று தரையில் உட்கார்ந்தபடியே என்னைச் சுற்றி நகர்ந்து வருவான்.